விரலில் 98 காட்டுகிறது, அப்புறம் எதற்கு ஊதச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. டூஷேன் தசைச்சிதைவு நோய். ஐந்து வயதில் கண்டுபிடித்தார்கள். போன வருடம் பள்ளி திறக்கிற சமயத்தில் நடப்பது நின்றுவிட்டது, இப்போது சக்கர நாற்காலிதான். ஸ்டீராய்டு மாத்திரை தினமும் கொடுக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊதுகிற டெஸ்ட்டுக்கு வரச் சொல்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நாலு மணி நேரம் ஆகும், தூக்கி இறக்க அவன் அப்பாவும் வரவேண்டும், இரண்டு பேர் கூலியும் போய்விடுகிறது. அதனால் நடுவில் ஒரு தடவை போகவில்லை. அவனுக்கு மூச்சு வாங்குவதே கிடையாது. வீட்டில் விரலில் மாட்டிப் பார்த்தால் எப்போதும் 98தான். போன வருடம் 1.40 லிட்டர், 80 சதவீதம் என்று எழுதினார்கள். இந்தத் தடவை 1.42 லிட்டர், ஆனால் 71 சதவீதம் என்று இருக்கிறது. கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? உயரத்துக்குப் பதிலாக இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி நாடா வைத்து அளந்தார்கள், அதுவும் புரியவில்லை. கொரோனா சமயத்தில் என் அண்ணன் வாங்கின ஆக்சிஜன் மிஷின் சும்மா கிடக்கிறது, ராத்திரியில் வைத்தால் நல்லதா? மூன்று பந்து கருவியை தினமும் ஊதுகிறான், அது போதாதா? காலையில் தலைவலி என்கிறான், டிபன் இறங்க மாட்டேன் என்கிறது, கண்ணாடி மாற்றியும் போகவில்லை. அது வேறு விஷயம், அதற்கு வேறு டாக்டரிடம் காட்டிக்கொள்கிறோம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். காலைத் தலைவலியையும் டிபன் இறங்காததையும் வேறு விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேறு விஷயமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தலைவலி வர ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் டூஷேன் இருக்கிற பையன் காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்றும், கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிட்டது என்றும் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ராத்திரி அவன் எப்படி மூச்சு விட்டான் என்பதைத்தான். கண்ணாடிக் கடை அதற்கு அப்புறம்.

ஏன் ராத்திரி? நம் நுரையீரல் தானாக விரிந்து சுருங்குகிற சமாசாரம் இல்லை. அது கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி, இழுத்து அமுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்கிற தசையும், விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கிற தசைகளும். டூஷேனில் துருத்தியில் ஓட்டை விழுவதில்லை, உங்கள் பையனின் நுரையீரல் அனேகமாக என்னுடையதைவிடச் சுத்தமாகவே இருக்கும். தளர்வது கை. காலில் நடந்தது, மெதுவாக, வருடக்கணக்கில், மூச்சுத் தசையிலும் நடக்கிறது. பகலில் விழித்திருக்கும்போது கழுத்துத் தசை, தோள் தசை எல்லாம் கூட வந்து ஒரு கை கொடுக்கும். தூக்கத்தில், அதுவும் கனவு வருகிற கட்டத்தில், உதரவிதானத்தைத் தவிர மற்றத் தசைகளை எல்லாம் மூளை கிட்டத்தட்ட அணைத்து வைத்துவிடும் (கனவில் ஓடுகிறவன் கட்டிலில் இருந்து எழுந்து ஓடாமல் இருப்பது அதனால்தான்). அப்போது உதரவிதானம் தனியாக மாட்டிக்கொள்கிறது. அதுவே பலவீனமாக இருந்தால், மூச்சு ஆழம் குறைந்து, உள்ளே உற்பத்தியாகிற கரியமில வாயு முழுசாக வெளியே போகாமல் தேங்கும். கரியமில வாயு ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், அதுதான் அந்தத் தலைவலி. கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், அதனால் காலையில் வலிக்கிறது. எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் மூச்சு விட்டால் வாயு இறங்கிவிடும், வலியும் போய்விடும், நாமும் மறந்துவிடுவோம்.

உங்கள் பையன் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. 71 சதவீதம் என்பது பொதுவாக ராத்திரி மூச்சுக் குறைகிற கட்டம் இல்லை, அது இன்னும் கீழே போனபிறகு வருவதுதான் வழக்கம். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைகள் எடை போடுவார்கள், டூஷேனில் நாக்கும் கொஞ்சம் பெரிதாக இருக்கும், டான்சில் வேறு இருந்தால் தூங்கும்போது தொண்டை அடைத்து அடைத்துத் திறக்கும். பத்து வயதை ஒட்டிய டூஷேன் பிள்ளைகளிடம் இதுதான் முதலில் வருகிற தூக்கக் கோளாறு, தசை பலவீனத்தால் வருவது அதற்கு அப்புறம். குறட்டை விடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டில் எது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. அதற்குத்தான் தூக்கப் பரிசோதனை, ஸ்லீப் ஸ்டடி என்பார்கள். எங்கே செய்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கரியமில வாயுவையும் சேர்த்து அளப்பீர்களா?" ஆக்சிஜனை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதிக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன, இந்தப் பிள்ளைகளுக்கு அது அரை டெஸ்ட்.

சரி, 98 விஷயத்துக்கு வருவோம். விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கொரோனா காலத்தில் அது காப்பாற்றின உயிர்கள் நிறைய. ஆனால் அது அளப்பது ஆக்சிஜன் மட்டும்தான், கரியமில வாயுவை அதற்குத் தெரியாது. அதோடு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிற விதமே ஒரு மாதிரி: மேல் பக்கம் சமதளமாக இருக்கும், உள்ளே நிலைமை நன்றாகவே மோசமானாலும் விரலில் எண் லேசாகத்தான் அசையும். நுரையீரல் நன்றாக இருக்கிற ஒரு பையனுக்கு கரியமில வாயு வழக்கமான 40லிருந்து 60 வரை ஏறினால்கூட விரலில் 94ஐ ஒட்டித்தான் காட்டும். வீட்டில் எல்லோரும் "பரவாயில்லையே" என்பார்கள். அதுவும் நீங்கள் பார்ப்பது பகலில், உட்கார்ந்திருக்கும்போது, அதாவது அவன் மிகவும் நன்றாக மூச்சு விடுகிற நேரத்தில். விழித்திருக்கும்போதே 95க்குக் கீழே வந்துவிட்டது என்றால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம், 98 என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை.

"மூச்சு வாங்குவதே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்புவதில் சிரமமே இல்லை. மூச்சு எப்போது வாங்கும்? ஓடினால், மாடி ஏறினால். ஓடுகிற பிள்ளைக்கு நெஞ்சு பலவீனமானால் விளையாட்டு மைதானத்திலேயே தெரிந்துவிடும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தன் மூச்சை எங்கேயும் சோதித்துப் பார்ப்பதே இல்லை, பாதிச் சக்தி போனாலும் அவனுக்கே தெரியாது. அவன் சொல்லப் போவதில்லை, முகமும் காட்டிக்கொடுக்காது, விரல் கருவியும் வாய் திறக்காது. மிச்சம் இருப்பது ஊதிப் பார்ப்பதுதான்.

இப்போது அந்த 1.40, 1.42 கணக்கு. நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்களே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியது. முடிந்த மட்டும் இழுத்து, முடிந்த மட்டும் வெளியே ஊதித் தள்ளுகிற மொத்தக் காற்று, அதைத்தான் எஃப்.வி.சி. என்று எழுதுகிறார்கள். லிட்டர் என்பது உண்மையில் வந்த காற்று. சதவீதம் என்பது அதே வயதில், அதே உயரத்தில் நோயில்லாத ஒரு பையன் ஊதுவான் என்று எதிர்பார்க்கிற அளவில் உங்கள் பையன் எவ்வளவு ஊதினான் என்பது. போன வருடம் எதிர்பார்த்தது 1.75 லிட்டர், அவன் ஊதினது 1.40, அதனால் 80 சதவீதம். இந்த வருடம் ஒரு வயது கூடி உயரமும் கூடிவிட்டதால் எதிர்பார்ப்பு 2 லிட்டர் ஆகிவிட்டது, ஊதினது 1.42, அதனால் 71. போன தீபாவளிச் சட்டை சுருங்கவில்லை அம்மா, பையன் வளர்ந்துவிட்டான், சட்டை பிடிக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. அந்த 20 மில்லி கூடியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாளில் மூன்று தடவை ஊதினாலே 150 மில்லி வரை முன்னே பின்னே வரலாம் என்பதுதான் விதி. ஆக, லிட்டர் நின்ற இடத்தில் நிற்கிறது. நோயில்லாத பிள்ளைக்கு இந்த வயதில் அது வருடாவருடம் ஏறவேண்டும். டூஷேனில் பத்துப் பன்னிரண்டு வயது வரை ஏறி, கொஞ்ச காலம் சமமாக நின்று, அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். உங்கள் பையன் அந்தச் சமதளத்தில் இருக்கிறான் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டீராய்டு கொடுப்பதால் இந்தச் சமதளம் கொஞ்சம் நீளும், நீங்கள் தினமும் மாத்திரையை மறக்காமல் கொடுப்பதற்கு ஒரு பலன் இது.

ஆனால் 80லிருந்து 71 என்பது ஒரே வருடத்தில் 9 புள்ளி. வழக்கமாக வருடத்துக்கு 5 புள்ளிக்குப் பக்கத்தில்தான் குறையும். அதனால் அந்த நாடா அளவை நான் விடப் போவதில்லை. போன வருடம் நின்ற நிலையில் உயரம் எடுத்திருப்பார்கள். இடுப்பு வளைந்து, முட்டி மடங்கி, நுனிக்காலில் தடுமாறி நின்ற பையனுக்கு எடுத்த உயரம், உண்மையைவிடக் குறைவாகவே வந்திருக்கும். உயரம் குறைந்தால் எதிர்பார்ப்பு குறையும், சதவீதம் கூடித் தெரியும். இந்த வருடம் நிற்க முடியாததால் இரண்டு கையையும் விரித்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்திருக்கிறார்கள். அது சரியான முறைதான், விரித்த கை நீளமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். ஆக அந்த 9 புள்ளியில் கொஞ்சம் நோயினால், கொஞ்சம் நாடாவினால். போன வருட 80 கொஞ்சம் தாராளமாகப் போட்ட மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஒவ்வொரு தடவையும் ஒரே முறையில் அளக்கச் சொல்லுங்கள். கொஞ்ச காலம் போய் முழங்கையும் மடங்க ஆரம்பித்தால் கை விரிப்பும் பொய் சொல்லும், அப்போது முன்கை எலும்பின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்று ரிப்போர்ட் ஓரத்தில் நீங்களே பேனாவால் எழுதி வையுங்கள். ஒரு தடவை எண்ணைவிட, நாலைந்து தடவை எண்களைச் சேர்த்துப் போட்ட கோடுதான் எங்களுக்குப் பேசும், நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்தக் கோட்டில் எங்கே வளைவு ஆரம்பித்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆறு மாதம் என்று சொல்வதற்கு வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. நடக்கிற காலத்தில் வருடம் ஒரு தடவை போதும், ஐந்தாறு வயதிலிருந்து. நடை நின்ற பிறகு ஆறு மாதம். 2018ல் வெளியான டூஷேன் சிகிச்சைப் பரிந்துரைகளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் உள்ள படிகளை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது, சும்மா எண்ணைப் பார்த்து வருத்தப்படுவதற்காக இல்லை. 60 சதவீதத்துக்குக் கீழே போனால், ஆம்பு பையும் (கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளுகிற பை) மவுத்பீஸும் வைத்து, மூச்சின் மேல் மூச்சாக அடுக்கி நெஞ்சுக்கூட்டை முழுசாக விரிக்கச் சொல்லித் தருவார்கள். வீட்டிலேயே, தினமும் இரண்டு வேளை. நெஞ்சுக்கூடு இறுகாமல் இருக்க இது வேண்டும், நான் கேட்டால் 60 வரை காத்திராமல் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன், பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். 50க்குக் கீழே போனால் இருமல் கருவியும், ராத்திரிக்கு மாஸ்க் வைத்துக் காற்றுத் தள்ளுகிற பைபாப் மிஷினும் பேச்சுக்கு வரும். தூக்கப் பரிசோதனையில் கரியமில வாயு 50க்கு மேல் தூங்கின நேரத்தில் 2 சதவீதமாவது நின்றாலோ, ஆக்சிஜன் 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து ஐந்து நிமிடம் இருந்தாலோ, ஊதின சதவீதம் எவ்வளவாக இருந்தாலும் பைபாப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், இங்கிலாந்தில் நியூகாசில் மருத்துவமனைக் கணக்கைச் சொல்லுங்கள். 1960களில் அங்கே டூஷேன் பிள்ளைகள் சராசரியாக 14.4 வயதுவரைதான் இருந்தார்கள். 1990க்குப் பிறகு ராத்திரியில் வீட்டிலேயே மூச்சு மிஷின் வைத்தவர்களுக்கு அது 25.3 ஆகியிருந்தது. இது 2002ல் வெளியான கணக்கு, அதற்கப்புறம் இன்னும் முன்னேறியிருக்கிறது. நோயை மாற்றுகிற மருந்து எதுவும் இல்லாத காலத்திலேயே பதினோரு வருடம். சரியான நேரத்தில் ஒரு மாஸ்க், அதன் பின்னால் ஒழுங்கான கவனிப்பு, அவ்வளவுதான். சரியான நேரம் எது என்று சொல்லத்தான் இந்த ஊதல்.

ஆக்சிஜன் மிஷின். தயவு செய்து வேண்டாம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபது வருடம் முன்னால், நான் மேற்படிப்பில் இருந்த ஆஸ்பத்திரியில், பதினாலு வயதுப் பையன் ஒருவன் சளி, காய்ச்சலோடு வந்தான், டூஷேன்தான். ஆக்சிஜன் 91 இருந்தது. மாஸ்க் வைத்தோம், 99க்கு வந்தது, நானும் சிஸ்டரும் சந்தோஷமாக அடுத்த வார்டுக்குப் போனோம். விடியற்காலை நாலு மணிக்குப் பாட்டி வந்து "பேச்சு குழறுது டாக்டர், எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கறான்" என்றார். மானிட்டரில் அப்போதும் 99. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கரியமில வாயு 90க்கு மேல். பைபாப் வைத்து மத்தியானத்துக்குள் கண் விழித்துவிட்டான். அந்தப் பாட்டி வந்து சொல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அவனுக்குக் குறைந்தது ஆக்சிஜன் இல்லை, காற்றோட்டம். அடுப்படி முழுக்கப் புகை மண்டியிருக்கும்போது ஜன்னலைத் திறக்காமல் ஊதுபத்தி ஏற்றி வைத்த மாதிரி நாங்கள் செய்தது. வாசனை வந்தது, புகை அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் குறைகிறது என்ற தூண்டுதலால் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அந்தத் தூண்டுதலையும் எடுத்துவிட்டோம். நிமோனியா மாதிரி இருந்தால் ஆக்சிஜன் கட்டாயம் தேவைப்படலாம், அது வேறு. அப்போதும் மூச்சு மிஷினோடு சேர்த்து, கரியமில வாயுவை அளந்துகொண்டே கொடுக்க வேண்டும். வீட்டில், ராத்திரியில், கேட்பாரில்லாமல் வைத்துவிட்டால் உங்கள் விரல் கருவி விடியவிடிய 99 காட்டிக்கொண்டிருக்கும், எச்சரிக்கவே எச்சரிக்காது. உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் தருகிறார், அதைத் தேவைப்படுகிற வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று பந்து கருவி பற்றி ஒரு சின்ன வருத்தம். அது ஊதுகிற கருவி இல்லை, உறிஞ்சுகிற கருவி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கொடுத்து அனுப்புகிறார்கள், எப்படி என்று பாதிப் பேர் சொல்வதில்லை, ஊர் முழுக்க அதைத் தலைகீழாக ஊதிக்கொண்டிருக்கிறார்கள். சரியாகச் செய்தாலும் அது ஒரு பயிற்சிச் சாமான், அளவுகோல் இல்லை. பந்து எத்தனை ஏறியது என்பதை வைத்து எஃப்.வி.சி. தெரியாது. அவனுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும், களைத்துப் போகும்வரை செய்ய வேண்டாம்.

அதைவிட உபயோகமான ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டர் மெடிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் ஊதச் சொல்லாமல், நன்றாக மூச்சை இழுத்து, வாயில் வைத்து, பலமாக ஒரு தடவை இருமச் சொல்லுங்கள். உதடு சரியாக மூடவில்லை என்றால் மவுத்பீஸுக்குப் பதில் ஒரு மாஸ்க் பொருத்திக்கொள்ளலாம், காற்று ஓரத்தில் கசியக் கூடாது. மூன்று தடவையில் அதிகமானதை காலண்டரில் எழுதுங்கள், மாதம் ஒரு நாள். இந்தப் பிள்ளைகளை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் மூச்சு நின்றுபோவது இல்லை, சாதாரணச் சளி. நாம் இருமித் துப்பிவிட்டுப் போகிற சளியை அவர்களால் மேலே கொண்டுவர முடியாது. இருமல் என்றால் மூன்று வேலை: நிறைய இழுக்க வேண்டும், தொண்டையை மூட வேண்டும், வயிற்றுத் தசையால் வெடித்துத் தள்ள வேண்டும். முதலும் கடைசியும் டூஷேனில் போய்விடுகின்றன. பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்த இருமல் எண் 270க்குக் கீழே என்றால் சளி பிடிக்கும்போது உதவி தேவைப்படும் என்று அர்த்தம், 160க்குக் கீழே என்றால் சாதாரண நாளில்கூடச் சளி வெளியே வராது. உங்கள் பையனுக்கு இப்போது 11 என்பதால் 270ஐ வைத்துப் பயப்படாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எண் குறைவாகத்தான் வரும். அவனுடைய போன மாத எண்தான் இப்போதைக்கு அளவுகோல்.

விரல் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் ஒரு வேலை உண்டு. சளி பிடித்த நாட்களில் அடிக்கடி பாருங்கள். 95க்குக் கீழே வந்தால், சளி எங்கோ அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஆம்பு பையால் மூச்சை நிரப்பி, அவன் இருமுகிற அதே நொடியில் வயிற்றில் கை வைத்து மேல்நோக்கி அமுக்கி இருமலுக்குக் கை கொடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுச் செய்யாதீர்கள், பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டவுடன் செய்யவே கூடாது. அப்படிச் செய்தும் 95க்குத் திரும்பவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஊதுகிற நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். நாலு மணி நேரம் குலுங்கி வந்த பிள்ளையை இறக்கினவுடன் ஊத வைக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது சாயவிட்டு, லேசாக ஏதாவது கொடுத்து, அப்புறம். சளி, காய்ச்சல் வந்து இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் இருந்தால் தளர்த்துங்கள், எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தே ஊதட்டும். வெறும் ஊதலோடு விடாமல், இழுக்கிற பலம், தள்ளுகிற பலம், இருமல் எண் எல்லாவற்றையும் அதே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். இதய எக்கோவும் வருடம் ஒரு தடவை எடுத்துத்தானே ஆகவேண்டும், முன்கூட்டியே போன் செய்து இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம். கேட்டால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. ரிப்போர்ட்டில் "குறைவு" என்று இருப்பதைப் பார்த்து உள்ளூரில் யாராவது ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதினால் அந்தக் காகிதத்தோடு உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இது குழாய் சுருங்குகிற நோய் இல்லை.

கூலி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். தசைச்சிதைவு நோய் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது, தமிழ்நாடு அரசில் இந்த நோய்க்கென்றே மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. வாங்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும், அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள்.

அப்புறம் பையன். பதினொரு வயது, ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியும், 80 போய் 71 வந்ததை அவனும் பார்த்திருப்பான். என்னிடம் ஒரு பையன் "டாக்டர், அடுத்த தடவை நல்லாப் படிச்சிட்டு வர்றேன்" என்று சொன்னான், விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. டெக்னீஷியன் "ஊது ஊது ஊது, இன்னும் இன்னும்" என்று கத்துவது அவன் முழு முயற்சி செய்யவேண்டும் என்பதற்காக, அவன் சோம்பேறி என்பதற்காக இல்லை என்று போகும்போதே சொல்லிவிடுங்கள். எண் குறைந்தால் அது அவனுக்குப் போட்ட மார்க் இல்லை, எங்களுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற மீட்டர்.

இந்த வாரம் மட்டும் இரண்டு மூன்று வேலை செய்யுங்கள். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அவன் தூங்குவதை போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள், சட்டையைக் கொஞ்சம் விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி, சத்தமும் பதிவாகட்டும். ராத்திரி எத்தனை தடவை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான், வியர்க்கிறதா, கெட்ட கனவு என்கிறானா, தலைவலி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்துவையுங்கள். வகுப்பில் தூங்கி வழிகிறானா என்று டீச்சரிடம் கேளுங்கள், வீட்டில் தெரியாதது அங்கே தெரியும். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திராமல் இந்த மாதமே உங்கள் டாக்டரைப் பார்த்து ஸ்லீப் ஸ்டடி கேளுங்கள். பகலிலும் தூங்கி விழ ஆரம்பித்தாலோ, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தினாலோ, எழுப்பினால் குழம்பிப் பேசினாலோ, மாதக் கணக்கெல்லாம் இல்லை, அன்றைக்கே போக வேண்டும்.

அப்படிப் போகும்போது கையில் ஒரு அட்டை இருக்கட்டும். உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்: டூஷேன் நோயாளி, கரியமில வாயுவை அளக்காமல் ஆக்சிஜன் மட்டும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்பட்டால் சக்சினைல்கோலினும் மூச்சில் இழுக்கிற மயக்க வாயுக்களும் கூடாது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கூடவே அவனுடைய கடைசி எஃப்.வி.சி., இருமல் எண், வழக்கமான ஆக்சிஜன் அளவு. லேமினேட் செய்து சக்கர நாற்காலியின் பின்பையில் ஒன்று, அவன் அப்பா பர்ஸில் ஒன்று.

ஸ்லீப் ஸ்டடி முடிந்ததும் எழுதுங்கள். எழுதும்போது அவன் குறட்டை விடுகிறானா, போன வருடம் உயரத்தை எப்படி அளந்தார்கள், பீக் ஃப்ளோ மீட்டரில் இருமினால் எவ்வளவு வந்தது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.